சொகுசு இருக்கையின் வரி செஞ்சிச் சாலைக்கு வரட்டும்

2025 செப்டம்பர் 22 முதல் விமானத்தில் பிசினஸ் வகுப்பு, முதல் வகுப்பு டிக்கெட்டுகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. சாதாரண வகுப்புக்கு 5 சதவீதம் என்பதில் மாற்றமில்லை. சோப்பு, ஷாம்பு, சிறிய கார் விலை குறைந்ததைப் பற்றி ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த அந்த வாரத்தில் இந்த உயர்வை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கொடுக்கப்போகிறவர்கள் கொஞ்சம் பேர், கொடுக்கக்கூடியவர்கள் என்ற எண்ணம்தான் காரணம். ஆனால் இந்த வரி இரண்டு இடங்களில் பிசகுகிறது. அது டிக்கெட்டின் விலையை அளக்கிறது. அந்த இருக்கை அடைத்துக்கொள்ளும் இடத்தையும் எரிக்கும் எரிபொருளையும் அளப்பதில்லை. அலுவலகச் செலவில் பறப்பவரின் நிறுவனம் இந்த வரியை உள்ளீட்டு வரிச் சலுகையாகக் கழித்துக்கொள்ளவும் முடியும். இன்னொன்று, வசூலாகும் பணம் பொதுக் கஜானாவில் கலந்துவிடுகிறது. அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்று எவராலும் காட்ட முடியாது. சொகுசு வகுப்பில் பறப்பவரிடம் தூரத்தைப் பொறுத்து ஒரு நிலையான தீர்வை வாங்க வேண்டும், அந்தத் தொகை விமான நிலைய வாசலுக்கு வெளியே தொடங்கும் பொதுப் போக்குவரத்துக்குப் போக வேண்டும் என்பதே இங்கே வைக்கப்படும் வாதம். அதை உரசிப் பார்க்க விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியும் மண்டகப்பட்டும் நல்ல இடங்கள்.

முதலில், விற்கப்படும் பொருள் என்ன என்று பார்ப்போம். சிங்கப்பூர், பாங்காக், துபாய் என்று விடுமுறைக்குப் போய்வரும் குடும்பங்களில் பலர் திரும்புவதற்கு இரவு விமானத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடைசி நாளையும் ஊர் சுற்றிக் கழிக்கலாம், ஓர் இரவு ஓட்டல் வாடகை மிச்சம், மறுநாள் வேலைக்கும் போகலாம். விமான நிறுவனத்துக்கும் இது தோதுதான்; கோடிகளைக் கொட்டி வாங்கிய விமானம் இரவில் சும்மா நிற்பதில்லை. இப்படிப்பட்ட பயணத்தில் கூடுதல் காசுக்கு விற்கப்படுவது தூக்கம். போயிங் 777-300ஈஆர் விமானங்களில் இன்று சாதாரண வகுப்பில் பொதுவாக ஒரு வரிசைக்கு 3-4-3 என்று பத்துப் பேர் உட்கார்கிறார்கள். அதே அகலத்தில் புதுமாதிரி பிசினஸ் வகுப்பில் 1-2-1 என்று நான்கே பேர். அந்த நான்கு பேரும் காலை நீட்டிப் படுப்பதற்காக வரிசையின் நீளமும் கூடுகிறது. ஏர் இந்தியாவின் ஏ350 விமானத்தில் மொத்தம் 316 இருக்கைகள். அவற்றில் 28 மட்டுமே பிசினஸ் வகுப்பு, ஆனால் விமானத்தின் முன்பகுதி முழுக்க அந்த 28 பேருக்குத்தான். சிக்கனத்துக்குப் பேர்போன இண்டிகோவே 2024 நவம்பரில் 12 இருக்கைகள் கொண்ட பிசினஸ் வகுப்பைத் தொடங்கிவிட்டது என்றால், சந்தை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிகிறது. ஆம்னி பஸ்ஸில் ஸ்லீப்பர் வைத்தால் உட்கார்ந்து போகும் இருக்கைகளின் எண்ணிக்கை குறையும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். விமானத்திலும் கணக்கு அதுதான். ஆனால் இங்கே குறையும் ஒவ்வொரு இருக்கைக்கும் எரிபொருள் செலவு பல மடங்கு.

இதைச் சூழலியல் கணக்காகவும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நெடுந்தூர விமானத்தில் பிசினஸ் வகுப்புப் பயணி ஒருவரின் கரியமில வாயுப் பங்கு, சாதாரண வகுப்புப் பயணியுடையதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்றும், முதல் வகுப்புக்கு நான்கு மடங்கு என்றும் பிரிட்டிஷ் அரசின் கணக்கீட்டு முறை சொல்கிறது. உலக வங்கியின் 2013-ஆம் ஆண்டு ஆய்வறிக்கை ஒன்று, முதல் வகுப்பின் பங்கு ஒன்பது மடங்கு வரை போகலாம் என்றது. எடையைவிட இடம்தான் இதைத் தீர்மானிக்கிறது: நான்கு பேருக்கு ஒதுக்கிய தரையில் எத்தனை பேர் போயிருக்க முடியும் என்பதுதான் கேள்வி. இரவுக்குத் தனியாக ஒரு கணக்கு உண்டு. விமானத்தின் பின்னே நீளும் வெண்கோடுகள் பகலில் சூரிய ஒளியில் ஒரு பகுதியை வானுக்கே திருப்பி அனுப்பி, தாங்கள் உண்டாக்கும் வெப்பத்தைக் கொஞ்சம் ஈடுகட்டுகின்றன. இரவில் அந்த ஈடு கிடையாது. பூமியிலிருந்து எழும் வெப்பத்தை அடைத்துவைப்பது மட்டுமே நடக்கிறது. தென்கிழக்கு இங்கிலாந்தின் வான்வெளியை வைத்து 2006-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, நாள் முழுக்கப் பறக்கும் விமானங்களில் கால்பங்கே இரவில் பறந்தாலும், வெண்கோடுகளால் வரும் வெப்பமேற்றத்தில் 60 முதல் 80 சதவீதம் அவற்றால் ஏற்படுவதாகக் கண்டது. நம் வெப்பமண்டல வானத்துக்கு அதே விகிதத்தை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் வெண்கோடு உருவாகும் இடத்தில் இரவுப் பயணம் கூடுதல் சுமை என்ற இயற்பியல் எங்கும் ஒன்றுதான்.

இவ்வளவு சுமைக்கு என்ன வரி கட்டப்படுகிறது? தமிழ்நாட்டில் ஒரு லிட்டர் டீசலுக்கு 11 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் அதற்குமேல் 9.62 ரூபாயும் என்பது 2020 மே மாதத்தில் நிர்ணயிக்கப்பட்டது. மத்திய அரசின் கலால் வரி தனி. டீசலில் ஓடும் மினி பஸ்ஸும் காய்கறி ஏற்றும் வேனும் அறுவடை இயந்திரமும் இதைக் கட்டித்தான் ஓடுகின்றன. ஆனால் சென்னையிலிருந்து வெளிநாட்டுக்குப் பறக்கும் விமானத்தில் நிரப்பப்படும் எரிபொருளுக்கு விற்பனை வரி இல்லை; அது ஏற்றுமதிக்குச் சமமாகக் கருதப்படுகிறது. 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான ஒப்பந்தத்திலும் அதன்பிறகு நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட விமானப் போக்குவரத்து ஒப்பந்தங்களிலும் வேரூன்றிய ஏற்பாடு இது. இந்தியா மட்டும் தனியாக நின்று இதை மாற்ற முடியாது. எரிபொருளைத் தொட முடியாது என்றால் மிஞ்சுவது டிக்கெட்தான். அதிலும் அதிக இடத்தை அடைக்கும் டிக்கெட்டில் கைவைப்பதுதான் நியாயம்.

இதில் இந்தியா முதல் ஆளாக இறங்க வேண்டியதில்லை. பிரிட்டன் 1994-லிருந்து விமானப் பயணிகள் தீர்வை வாங்குகிறது. தாழ்ந்த வகுப்புக்கு ஒரு வீதம், அதற்கு மேலான எந்த வகுப்புக்கும் அதைவிடக் கூடிய வீதம். நுணுக்கமான ஒரு விதியும் அதில் இருக்கிறது: விமானத்தில் ஒரே வகுப்புதான் என்றாலும், இருக்கைக்கும் இருக்கைக்கும் இடையிலான தூரம் 1.016 மீட்டருக்கு மேல் போனால் கூடிய வீதம்தான். வகுப்புக்கு என்ன பெயர் சூட்டினாலும் நாடாவை வைத்து அளந்துவிடுவார்கள். பிரான்ஸ் 2006-இல் தொடங்கிய டிக்கெட் தீர்வை, எச்ஐவி, காசநோய், மலேரியா மருந்துகளை ஏழை நாடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் யுனிட்எய்ட் அமைப்புக்கு அடித்தளமானது. 2025 மார்ச்சில் அந்தத் தீர்வை உயர்த்தப்பட்டபோது, நெடுந்தூரப் பயணத்துக்குச் சாதாரண வகுப்பில் 40 யூரோ, பிசினஸ் வகுப்பில் 120 யூரோ என்று நிர்ணயித்தார்கள். அதே ஆண்டு ஜூன் இறுதியில் ஸ்பெயினின் செவில் நகரில் நடந்த ஐ.நா. மாநாட்டில் பிரான்ஸ், ஸ்பெயின், கென்யா, பார்படோஸ் உள்ளிட்ட எட்டு நாடுகள், சொகுசு வகுப்புப் பயணத்துக்கும் தனியார் ஜெட்டுக்கும் வரி விதிப்பதற்கென்றே ஒரு கூட்டணி அமைத்தன. நமக்கு நெருக்கமான உதாரணம் சிங்கப்பூர். பசுமை எரிபொருள் வாங்குவதற்காக 2025 நவம்பரில் அந்நாடு அறிவித்த தீர்வையில், தெற்காசியாவுக்குப் பறக்கும் சாதாரண வகுப்புப் பயணிக்கு 2.80 சிங்கப்பூர் டாலர். பிசினஸ் வகுப்புப் பயணிக்கு அதைப் போல நான்கு மடங்கு, 11.20 டாலர். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு இரவில் திரும்பும் நம் ஊர்க்காரரிடம் சொகுசுக்குத் தனி வீதம் போடச் சிங்கப்பூர் தயங்கவில்லை. அதே ஆள் இறங்கப்போகும் நாடு மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

அவர் இறங்கியபின் நடப்பதைப் பார்ப்போம். சிங்கப்பூர்–சென்னைப் பயணம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஏறியதும் இரவு உணவு. இறங்குவதற்கு அரைமணிக்கு முன்பே இருக்கையை நிமிர்த்தச் சொல்லும் அறிவிப்பு. படுக்கைக்குக் கொடுத்த காசுக்கு இரண்டு மணி நேரத் தூக்கம் கிடைத்தால் அதிகம். வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவையும் விடியற்காலையையும் ஒட்டியே மீனம்பாக்கத்தில் இறங்குகின்றன. மெட்ரோ ரயிலோ இரவு 11 மணியோடு சரி. தென்மாவட்டங்களுக்கும் திருவண்ணாமலைக்குமான பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்துக்குப் போய்விட்டன. விமான நிலையத்திலிருந்து அதுவே பதினைந்து கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து திண்டிவனம் வழியாகச் செஞ்சி. விமான நிலையத்திலிருந்து கணக்கிட்டால் மொத்தம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். பிசினஸ் வகுப்பில் வந்தவருக்கு வாசலில் கார் நிற்கும். அதே விமானத்தின் பின்வரிசையில், வெளிநாட்டில் கட்டுமான வேலை பார்த்துவிட்டு விழுப்புரம் மாவட்டத்துக்குத் திரும்புகிறவருக்கு அந்த 140 கிலோமீட்டர்தான் பயணத்தின் கடினமான பகுதி. டாக்சி வைத்தால் விமான டிக்கெட்டில் கணிசமான பங்கு அதிலேயே போய்விடும்.

வந்துபோகும் பயணிகளின் பக்கமிருந்து பார்த்தாலும் இதே நிலைதான். 2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழு, மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில்; பன்னிரண்டாவது செஞ்சி. 1677-இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை இது. அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, முகலாயப் படை 1698 வரை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டுக் கிடந்தது. செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையை ஒட்டி மண்டகப்பட்டு. அங்கே பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரம்மன், சிவன், திருமால் மூவருக்கும் பாறையைக் குடைந்து எடுத்த கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி இதை அமைத்ததாக அவன் பொறித்துவைத்த கல்வெட்டுதான் தமிழகக் கற்கோயில் வரலாற்றைத் தொடங்கும் எவரும் முதலில் காட்டுவது. அருகிலேயே தளவானூர்க் குகைக்கோயில், பனமலையில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய கோயில், சமணத் தீர்த்தங்கரர் இருபத்து நால்வரை ஒரே பாறையில் வரிசையாகச் செதுக்கிய திருநாதர் குன்று. ஒரு நாளில் பார்த்து முடிக்கக்கூடிய இத்தனை இருந்தும், வெளிநாட்டிலிருந்து வருபவர் மாமல்லபுரத்தோடு திரும்பிவிடுகிறார். இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் பேருந்து கிடையாது. கிராமப் பேருந்துகள் பள்ளிக்கூட நேரத்தையும் சந்தை நேரத்தையும் பார்த்து ஓடுபவை, அது சரியும்கூட. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு 70 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு 2006-07-இல் அனுமதி கிடைத்தது. செஞ்சியில் இன்னும் ரயில் நிற்கவில்லை. உலகப் பாரம்பரியப் பட்டம் வந்த ஊருக்குப் பேருந்தில் வர ஒரு ஒழுங்கான வழி செய்துதருவது அதிகமான கோரிக்கை அல்ல.

விமானப் பயணியின் காசை ஏன் சாலைக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்கலாம். ஒரு பயணியின் காசில் இன்னொரு பயணிக்கு உதவும் கொள்கையை இந்தியா எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. 2016-இல் அறிவிக்கப்பட்ட உடான் திட்டத்தில், பெருநகரங்களுக்கிடையே பறக்கும் விமானங்களிடம் தீர்வை வாங்கி, சிற்றூர்களுக்குப் பறக்கும் விமானங்களுக்கு மானியம் தருகிறார்கள். அந்தத் திட்டத்தில் சேர்ந்த வேலூரும் நெய்வேலியும் பயணிகள் விமானத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கின்றன. சின்ன ஊருக்கு விமானத்தைக் கொண்டுபோக முடியாத இடத்தில், பெரிய ஊரில் இறங்கியவரைச் சின்ன ஊருக்குக் கொண்டுபோக அதே கொள்கையைப் பயன்படுத்தினால் என்ன? சட்டமும் புதிதல்ல. விமானத்தில் செல்லும் பயணிகள் மீது முனைய வரி விதிக்கும் அதிகாரம் அரசமைப்புச் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலில் 89-ஆம் பதிவாக இருக்கிறது. 269-ஆம் பிரிவு முதலில் எழுதப்பட்டபடி, அந்த வரியை ஒன்றிய அரசு வசூலித்து மாநிலங்களிடம் கொடுத்துவிட வேண்டும். 2000-இல் நிறைவேறிய 80-ஆவது திருத்தம் அந்த வரியை அப்பிரிவிலிருந்து எடுத்துவிட்டது. வெளிநாட்டுப் பயண வரி என்று ஒன்று 1979-லிருந்து நம் நாட்டில் இருக்கவும் செய்தது. 2004-இல் ஒழிக்கப்பட்டபோது அது பொதுவாக ஒரு பயணிக்கு 500 ரூபாய். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவருக்கும் முதல் வகுப்பில் போகிறவருக்கும் ஒரே தொகை என்பதுதான் அதன் குறை. அதைத் திருத்தியிருக்கலாம், ஒரேயடியாகத் தூக்கிவிட்டார்கள்.

இனி எதிர்வாதங்கள். என் காசு, என் சொகுசு, அரசுக்கு என்ன வந்தது என்பது முதலாவது. அந்தச் சொகுசுக்கு முழு விலையையும் அவர் கொடுத்தால் இந்தக் கேள்வி சரி. எரிபொருளுக்கு வரி இல்லை, வெண்கோட்டுக்கு விலை இல்லை என்றிருக்கும்போது மீதியைத் தருபவர்கள் விமானத்தையே பார்க்காதவர்கள். விமானப் போக்குவரத்து வெளியிடும் கரியமில வாயு உலக அளவில் இரண்டரை சதவீதம்தானே, இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்பாரும் உண்டு. 2018-ஆம் ஆண்டில் உலக மக்களில் பத்தில் ஒருவர் அளவுக்கே விமானம் ஏறினார்கள், பயணிகள் விமானங்கள் வெளியிட்டதில் பாதிக்கு மேல் ஒரே ஒரு சதவீத மக்களால் வந்தது என்று 2020-இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. பங்கு சிறியதாக இருக்கலாம். அதை உண்டாக்குகிறவர்களின் எண்ணிக்கை அதைவிடச் சிறியது. வரியை யாரிடம் வாங்குவது என்று தெளிவாகச் சுட்டுவதற்கு இதைவிட நல்ல நிலை அமையாது.

முன்வரிசைக்காரர் கொடுக்கும் பெரிய கட்டணம்தான் பின்வரிசை டிக்கெட்டை மலிவாக வைத்திருக்கிறது, அவரை விரட்டினால் எல்லோருக்கும் விலை ஏறும் என்பது விமான நிறுவனங்களின் வாதம். இதில் உண்மை இருக்கிறது. நெடுந்தூர விமானத்தின் வருமானத்தில் முன்பகுதி பெரும்பங்கு தருகிறது. ஆனால் பேச்சு சில ஆயிரம் ரூபாய்த் தீர்வையைப் பற்றியது. சாதாரண டிக்கெட்டைப் போலப் பல மடங்கு கொடுக்கத் துணிந்தவர் அதற்காகப் பின்வரிசைக்குப் போய்விட மாட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கூடிய வீதம் வாங்கும் லண்டனில் பிசினஸ் வகுப்பு காலியாகப் பறக்கவில்லை. பயணிகள் வேறு விமான நிலையத்துக்குப் போய்விடுவார்களே என்ற பயத்துக்கு இதைவிட வலுவான சான்று உண்டு. நெதர்லாந்து 2008 ஜூலையில் எல்லாப் பயணிகளுக்கும் டிக்கெட் வரி போட்டது. மக்கள் எல்லை தாண்டி ஜெர்மன் விமான நிலையங்களுக்குப் போனார்கள். ஒரே ஆண்டில் வரியைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இந்தப் பாடத்தை நாம் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். தமிழ்நாடு மட்டும் தனியாகத் தீர்வை வைத்தால் பெங்களூருக்கும் கொச்சிக்கும் கூட்டம் போகும். ஆகவே இது நாடு முழுமைக்கும் ஒரே வீதத்தில் ஒன்றிய அரசு விதிக்க வேண்டியது. சாதாரண வகுப்பைத் தொடக் கூடாது என்பதும் அதே பாடத்தின் இன்னொரு பாதி. குறைந்த கட்டணம் தேடித்தான் மக்கள் எல்லை தாண்டினார்கள்.

முதியவர்களும் முதுகுத்தண்டு நோயாளிகளும் வேறு வழியின்றிப் படுக்கை வாங்குகிறார்களே என்பது இரக்கத்தோடு கேட்கப்படும் கேள்வி. மருத்துவச் சான்று காட்டுகிறவருக்கும் ஸ்ட்ரெச்சரில் வருகிறவருக்கும் விலக்கு தந்துவிடலாம். இதற்காகத் தீர்வையையே கைவிட வேண்டியதில்லை. கடினமான கேள்வி கடைசியாக வருவது: இன்ன காரியத்துக்கு என்று வாங்கும் செஸ் எதுவும் அந்தக் காரியத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் உண்டா? செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் ஒன்றிய அரசு வாங்குவதில் மாநிலங்களுக்குப் பங்கு இல்லை என்ற குறை நியாயமானது. அதனால்தான் இது செஸ்ஸாக இருக்கக் கூடாது, முனைய வரியாக இருக்க வேண்டும், வசூல் முழுவதும் மாநிலத்துக்கு வர வேண்டும் என்கிறேன். மாநிலத்தில் அது காணாமல் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? 2021-லிருந்து நடக்கும் மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தில், அரசு எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு தொகையைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடாகத் தருகிறது என்பது நிதிநிலை அறிக்கையில் தெரிகிறது. இதற்கும் அப்படி ஒரு தனித் தலைப்பு போதும். எந்தத் தடத்துக்கு எவ்வளவு என்ற பட்டியலையும் ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைத்தால் சந்தேகத்துக்கு இடமிருக்காது.

தொகை சொற்பம் என்பாரும் உண்டு. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு விமானத்தில் 20 சொகுசு இருக்கைகள் நிரம்புவதாகவும் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் தீர்வை என்றும் வைத்துக்கொண்டால், ஓர் இரவுக்கு 40,000 ரூபாய். அந்த ஒரே விமானத்திலிருந்து ஆண்டுக்கு 1 கோடியே 46 லட்சம். சென்னையில் ஒரு நாளில் வந்துபோகும் வெளிநாட்டு விமானங்களை நினைத்தால், இரவு முழுக்க விமான நிலையத்துக்கும் கிளாம்பாக்கத்துக்கும் இடையே பேருந்து விடவும், செஞ்சி, மண்டகப்பட்டு, தளவானூர், பனமலையை விழுப்புரத்தோடும் திண்டிவனத்தோடும் இணைத்துத் தடம் போடவும் இது சொற்பமல்ல. 1997-இல் தொடங்கி 2025 ஜூனில் விரிவுபடுத்தப்பட்ட மினி பஸ் திட்டம் இந்த வேலைக்கு ஏற்ற வடிவத்தை ஏற்கெனவே தந்திருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்பே செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. 2004-இல் நீக்கிய பயண வரியைச் சொகுசு வகுப்புக்கு மட்டும், தூரத்துக்கு ஏற்ற மூன்று வீதங்களில், ஒன்றிய அரசு திரும்பக் கொண்டுவர வேண்டும். வசூலை மாநிலங்களுக்கே ஒப்படைக்கும் பழைய அரசமைப்பு ஏற்பாட்டை மீட்கத் தமிழக எம்.பி.க்கள் கட்சி பாராமல் கேட்க வேண்டும். மாநில அரசு தன் பங்குக்கு, விமான நிலையத்திலிருந்து தொடங்கும் இரவுத் தடங்களையும் பாரம்பரிய ஊர்களை இணைக்கும் பகல் தடங்களையும் இப்போதே வரைந்து வெளியிட வேண்டும்; பணம் வந்தபிறகு யோசிப்போம் என்றால் அது வேறு பக்கம் போய்விடும். இரவு விமானத்தில் காலை நீட்டிப் படுத்து வருவதில் தப்பு எதுவுமில்லை. அதற்கு 18 சதவீதம் கட்டியாயிற்று, எனவே கணக்கு தீர்ந்தது என்று நினைப்பதுதான் தப்பு. இறங்கிய பிறகும் 140 கிலோமீட்டர் போக வேண்டியவர்களுக்கு அந்த வரியிலிருந்து ஒரு பேருந்துகூட வரவில்லை என்றால், கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.